அட்டையைத் திருப்பிப் பார்த்திருந்தால்...



ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நிற்கும்போது, பங்கு மக்களில் யாராவது ஒருவர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நீ என்ன வேலையம்மா பார்க்கிறாய்?" "மெடிக்கல் கோடிங்" என்பேன். "ஓ! கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறாயா?" என்பார்கள். "அதுவன்று" என்று நான் விளக்கத் தொடங்குவதற்குள் மறைக்கல்வி வகுப்புக்கு மணி அடித்துவிடும். பேச்சும் அதோடு நின்றுவிடும்.

எங்கள் திருச்சியிலும், சென்னை, கோவை போன்ற நகரங்களிலும் இந்த வேலைக்குச் சென்றுவரும் கத்தோலிக்க இளைஞர்களும் இளம் பெண்களும் பலர் உள்ளனர். அவர்கள் திரையின் முன் அமர்ந்து என்ன செய்கிறார்கள் என்பது பெற்றோருக்கே சரியாகத் தெரிவதில்லை. அதைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. ஆனால் நான் பேனாவை எடுத்ததற்கு அது மட்டும் காரணமன்று. பிறர் நோயின் காரணத்தை ஒவ்வொரு நாளும் தேடித் தேடி எழுதிய நான், என்னைப் பெற்றவளின் நோயின் காரணத்தை ஐந்து ஆண்டுகள் என் கையாலேயே வாங்கிக் கொடுத்துவந்தேன். அதை மறைக்காமல் சொன்னால், நம் குடும்பங்களில் ஒரு தாயின் கண்களாவது தப்புமல்லவா? அந்த எண்ணந்தான் என்னை எழுதத் தூண்டியது.

எழுத்தும் எண்ணும்

அமெரிக்க நாட்டில் ஒருவர் மருத்துவரிடம் சென்றுவந்தால், மருத்துவர் தாம் கண்டதையும் செய்ததையும் குறிப்பாக எழுதிவைப்பார். அந்தக் குறிப்புத் தொகுதியை நாங்கள் 'சார்ட்' என்போம். நோயாளியின் இரகசியத்தைக் காக்கும் கடுமையான சட்டங்களுக்கு உட்பட்டு அது எங்கள் திரைக்கு வந்து சேரும். அதை வரி வரியாகப் படித்து, சொல்லப்பட்ட ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டைத் தேர்ந்து எழுதுவதே எங்கள் வேலை. அந்தக் குறியீட்டைப் பார்த்தே காப்பீட்டு நிறுவனம் பணம் தரும். எந்த நோய் எத்தனை பேரை வருத்துகிறது என்னும் கணக்கும் அதிலிருந்தே எழும்.

இந்த முறை நேற்றுத் தோன்றியதன்று. 1893-ஆம் ஆண்டில் ஜாக் பெர்ட்டியோன் என்ற பிரெஞ்சுப் புள்ளியியல் அறிஞர், மரணத்தின் காரணங்களை வகைப்படுத்தி ஒரு பட்டியலை முன்வைத்தார். 1948-இல் உலக சுகாதார நிறுவனம் அதன் ஆறாவது திருத்தத்தின் பொறுப்பை ஏற்றபோது, மரணத்தின் காரணங்களோடு உயிரோடிருப்போரின் நோய்களும் அதில் இடம்பெற்றன. பத்தாவது திருத்தத்தை அமெரிக்கர்கள் தம் மருத்துவமனைகளுக்கேற்ப மிகவும் விரித்து, 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கடுத்த ஆண்டு நான் இந்த வேலையில் சேர்ந்தேன்.

அந்த நூலில் சர்க்கரை வியாதிக்கு ஒரே வீடு இல்லை. ஐந்து வீடுகள் உண்டு. வேறொரு நோயினால் வந்த சர்க்கரை ஈ 08. மருந்தினாலோ இரசாயனப் பொருளாலோ வந்தது ஈ 09. முதல் வகை ஈ 10. நம்மிடையே மிகுதியாகக் காணப்படும் இரண்டாம் வகை ஈ 11. இவற்றில் அடங்காத மற்றவை ஈ 13. 'சர்க்கரை' என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். நூலோ, "எதனால் வந்தது?" என்று முதலில் கேட்கிறது, கேட்டபின்தான் கதவைத் திறக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். 'ஸ்டீராய்டு மருந்தினால் வந்த சர்க்கரை வியாதி. அதனால் இரு கண்களிலும் விழித்திரை நடுத்தர அளவில் கெட்டுள்ளது. பார்வையின் மையப் பகுதியில் வீக்கமும் உண்டு' என்று மருத்துவர் எழுதியிருந்தால் அதற்குக் குறியீடு ஈ 09.3313. ஈ 09 என்பது மருந்தினால் வந்த சர்க்கரை. புள்ளிக்குப் பின் வரும் 3 கண்ணைக் காட்டும். அடுத்த 3, விழித்திரை நோய் நடுத்தர நிலையில் இருப்பதைச் சொல்லும். அதற்கடுத்த 1, மையத்தில் வீக்கம் உண்டு என்பதைச் சொல்லும். வீக்கம் இல்லையென்றால் அங்கே 9 வரும். கடைசியிலுள்ள 3 இரு கண்களையும் குறிக்கும். வலக்கண் மட்டுமாயின் 1, இடக்கண் மட்டுமாயின் 2. ஓர் எண் மாறினால் நோயாளியின் கண்ணே மாறிப்போகும்!

அதோடு வேலை முடியவில்லை. எந்த மருந்து இதைச் செய்தது என்பதற்கு இன்னொரு குறியீடு வேண்டும். ஸ்டீராய்டு மருந்தின் வரிசை டி 38.0. அந்த வரிசையில் ஆறாம் இடத்து எண்ணே பெரிய எண். சரியான மருந்தை மருத்துவர் சொன்னபடியே சரியாக உட்கொண்டும் தீங்கு வந்திருந்தால் அங்கே 5 எழுத வேண்டும். அது பக்க விளைவு. தவறான மருந்தையோ தவறான அளவையோ தெரியாமல் உட்கொண்டதால் தீங்கு வந்திருந்தால் அங்கே 1 எழுத வேண்டும். அதை நூல் 'நஞ்சாதல்' என்றே அழைக்கிறது. பக்க விளைவானால் சர்க்கரையை முதலில் எழுதி மருந்தைப் பின்னால் எழுதுவோம். நஞ்சாதலானால் மருந்து முதலில் வரும், சர்க்கரை பின்னால் வரும். ஒரே மாத்திரை, ஒரே கண். ஆனால் அது உடலுக்குள் சென்ற வழி வேறானால் எண்ணும் வேறு, வரிசையும் வேறு. இந்த 5-உம் 1-உம் பின்னொரு நாள் என்னை உறங்கவிடாமல் செய்யப்போவதை அப்போது நான் அறியவில்லை.

ஊகித்து எழுதாதே, கேள்!

எங்கள் தொழிலின் முதல் கட்டளை இது: மருத்துவர் எழுதாததை நாம் எழுதக் கூடாது.

என்னிடம் பயிற்சி பெற்ற தங்கை ஒருத்தி ஒரு நாள் ஒரு சார்ட்டைக் கொண்டுவந்தாள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய எதையும் நான் சொல்லப்போவதில்லை. வயதான ஒருவர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சிரைப்பு நோய்க்காகப் பல ஆண்டுகளாக பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை உட்கொண்டு வருபவர். ஓரிடத்தில் 'சர்க்கரை வியாதி' என்றிருந்தது. வேறோரிடத்தில் 'இரு கண்களிலும் புரை' என்றிருந்தது. "அக்கா, மருந்தால் வந்த சர்க்கரை, அதனால் வந்த புரை, ஈ 09.36 என்று எழுதிவிடலாமல்லவா?" என்றாள். தன் அறிவு அவளுக்கே பெருமையாயிருந்தது.

"மருந்தால் வந்ததென்று யார் எழுதியிருக்கிறார்கள்?" என்று கேட்டேன். அவள் மீண்டும் தேடினாள், யாரும் எழுதவில்லை.

சர்க்கரை உள்ளவருக்குக் கண்புரை இருந்தால், வேறு காரணம் எழுதப்படாதவரை, இரண்டையும் இணைத்துக்கொள்ள எங்கள் விதி இடம் தருகிறது. ஆனால் மருந்தையும் சர்க்கரையையும் அவ்வாறு நாமாக இணைக்க இடம் தருவதில்லை. மருத்துவர் வகையைச் சொல்லவில்லையென்றால் அது இரண்டாம் வகையாகவே, ஈ 11 என்றே கொள்ளப்படும். அதுமட்டுமா? ஸ்டீராய்டு மருந்து சர்க்கரையின் துணையில்லாமல் நேரடியாகவே கண்புரையை உண்டாக்க வல்லது. அதற்கு எச் 26.3 என்ற தனி வரிசை இருக்கிறது. கண்ணின் அழுத்தத்தைக் கூட்டி, பார்வை நரம்பைக் கெடுக்கவும் அது வல்லது. அதற்கு எச் 40.6. வயதினாலும் புரை வரும். அதற்கு எச் 25. ஆக, ஒரு முதியவரின் கண்ணை மறைக்கும் ஒரு வெள்ளைப் படலத்துக்கு மூன்று நான்கு காரணங்கள் போட்டியிடலாம்.

அப்படிப்பட்ட வேளையில் நாங்கள் மருத்துவருக்கு ஒரு கேள்வி எழுதியனுப்புவோம். 'குவெரி' என்பது அதன் பெயர். அதற்கும் ஒரு நெறி உண்டு. "இது மருந்தால் வந்ததுதானே?" என்று விடையை வாயில் ஊட்டிக் கேட்கக் கூடாது. "இந்நோயாளியின் சர்க்கரை எவ்வகை? இதன் காரணம் யாது?" என்று திறந்த மனத்தோடு கேட்க வேண்டும். சில நாள்களில் விடை வந்தது. மாத்திரை தொடங்கிய பிறகே சர்க்கரை தோன்றியது என்றும், அது மருந்தின் விளைவே என்றும் மருத்துவர் தெளிவாக எழுதியிருந்தார். தங்கை ஊகித்தது சரியாகவே இருந்தது; ஆயினும் கேட்டு எழுதியதே முறை. அந்தக் கேள்வி போகாதிருந்தால் 'இரண்டாம் வகை' என்ற முத்திரை அவர்மேல் விழுந்திருக்கும். அடுத்து அவரைப் பார்க்கும் மருத்துவரும் அதையே நம்பி, மருந்தின் பக்கம் கண்ணைத் திருப்பாமலே இருந்திருக்கக் கூடும்.

கடல் கடந்த ஒருவருக்காக நான் கேட்ட இந்தக் கேள்வியை என் வீட்டில் கேட்டேனா? அந்தோ, இல்லை!

வரமாக வந்த மாத்திரை

என் அம்மா தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். 2014-ஆம் ஆண்டில் அவர்களுக்கு முடக்குவாதம் கண்டது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கா. சேலைக்கு ஊசி குத்த முடியாது. ஜெபமாலை மணியைத் தள்ள முடியாது. ஒரு மருத்துவர் சிறிய வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். "ஆறு வாரம்; வாரா வாரம் குறைத்துக்கொண்டே வாருங்கள்; பிறகு என்னை வந்து பாருங்கள்" என்றார்.

மூன்றாம் நாளே வலி பறந்தது. அம்மா மாவாட்டினார்கள், கோவிலுக்கு நடந்தே போனார்கள். "வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன்; கை கொடுத்துவிட்டாள்" என்றார்கள். ஆறு வாரம் முடிந்து மாத்திரையை நிறுத்தியதும் வலி திரும்பியது. மருத்துவரிடம் போவதற்கு மாறாக, காலியான அட்டையை என்னிடம் கொடுத்து, "இதையே வாங்கிவாடி" என்றார்கள். கடையில் அட்டையை நீட்டினேன். புதிய அட்டை கிடைத்தது. இது மருத்துவர் சீட்டில்லாமல் விற்கவே கூடாத மருந்து என்று எனக்குத் தெரியாது. கடையில் யாரும் கேட்கவுமில்லை. மாதம் தவறாமல் ஐந்து ஆண்டுகள் நானே வாங்கிவந்தேன்.

அட்டையின் முன்பக்கத்தில் கம்பெனி வைத்த பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளிருக்கும் மருந்தின் பெயர் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஒரு நாளாவது அதைத் திருப்பிப் பார்த்தேனா? எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'வலி மாத்திரை'. பெயர் வைத்துவிட்டால் பொருள் தெரிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வது மனித இயல்பு.

அம்மாவின் முகம் உருண்டு திரண்டது. "டீச்சர் பூசினாற்போல் ஆகிவிட்டார்கள்" என்று அக்கம்பக்கத்தார் சொல்ல, நாங்கள் மகிழ்ந்தோம். இரவில் நாலைந்து முறை எழுந்தார்கள். வயதாகிவிட்டது என்று எண்ணினோம். 2017-இல் பங்கில் நடந்த மருத்துவ முகாமில், காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தார்கள். "சர்க்கரை எல்லையில்தான் இருக்கிறது, கவலை வேண்டாம்" என்றார்கள். நன்றி கூறித் திரும்பினோம். காலையில் விழுங்கும் இந்த மாத்திரை, பெரும்பாலும் மதிய உணவுக்குப் பிறகும் மாலையிலுந்தான் சர்க்கரையை ஏற்றிவிடும். மறுநாள் காலை வெறும் வயிற்றில் பார்த்தால் ஏறக்குறைய ஒழுங்காகவே காட்டக்கூடும். இதை அன்று எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை.

2019-ஆம் ஆண்டுத் தவக்காலம். வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதையில் தியானங்களை வாசிப்பது அம்மாவின் வழக்கம். ஒரு வெள்ளியன்று ஆறாம் தலத்தில் அவர்கள் குரல் நின்றது. வெரோணிக்கம்மாள் நம் ஆண்டவரின் திருமுகத்தைத் துடைத்த தலம் அது. பக்கத்திலிருந்த பெண்ணிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும், "எழுத்தெல்லாம் வளைந்து வளைந்து தெரிகிறதடி, நடுவில் அழுக்கு அப்பினாற்போல் இருக்கிறது" என்றார்கள். மூக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் போலும் என்று எண்ணினேன். உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பிறகுதான் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன்.

அவர் மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, நெடுநேரம் பார்த்தார். "இரண்டு கண்ணிலும் லென்சின் பின்புறம் புரை இருக்கிறது, விழித்திரையில் நீர்க் கசிவும் இருக்கிறது. எத்தனை வருடமாகச் சர்க்கரை, அம்மா?"

"எனக்குச் சர்க்கரையே இல்லையே, ஐயா."

"வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?"

அம்மா கைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தார்கள். அவர் அதைத் திருப்பினார். திருப்பிப் பார்த்து, உரக்கப் படித்தார்: "பிரெட்னிசோலோன்."

வாசகர்களே, அந்தச் சொல்லை அதற்கு முந்திய இரவுகூட நான் திரையில் படித்திருந்தேன்! அன்று பகலுணவுக்குப் பின் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 340.

5-ஆ? 1-ஆ?

மருத்துவமனை வராந்தாவில் அமர்ந்திருந்தபோது, பழக்க தோஷத்தால் என் மனம் தானாகவே எழுதத் தொடங்கியது: ஈ 09... விழித்திரை... இரு கண்கள்... அதன்பின் மருந்தின் வரிசை, டி 38.0... ஆறாம் இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. 5 எழுதுவதா, 1 எழுதுவதா? முதல் ஆறு வாரம் மருத்துவர் சொன்னபடி உட்கொண்டது. அதற்குப் பின் ஐந்து ஆண்டுகள்? யார் சொல்லி உட்கொண்டார்கள்? யார் வாங்கிக் கொடுத்தது?

இந்த மருந்தை நான் பழித்துப் பேச வரவில்லை. 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹென்ச் என்பவரும் அவருடைய குழுவினரும், முடக்குவாதத்தால் நடக்க இயலாதிருந்த ஒரு பெண்மணிக்கு முதன்முதலாக கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். அந்த ஆராய்ச்சிக்காக 1950-ஆம் ஆண்டின் நோபல் பரிசை ஹென்ச், கென்டால், ரைக்ஸ்டைன் ஆகிய மூவரும் பெற்றனர். அதே மருந்து, கல்லீரலிலிருந்து சர்க்கரையை மிகுதியாக வெளிவரச் செய்யும் என்பதும், இன்சுலினின் கட்டளைக்குத் தசைகள் கீழ்ப்படியாமல் செய்யும் என்பதும் மருத்துவ உலகம் நன்கு அறிந்தவை. 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது, உயிரைக் காக்க இதே இனத்து மருந்து உதவியது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறியவர்களில் சிலரை அதன்பின் கரும்பூஞ்சை நோய் தாக்க, கண்ணையே இழந்தவர்களும் உண்டு. கத்தியைப் போன்றது இது. அறுவை மருத்துவர் கையில் உயிர் காக்கும், அறியாதார் கையில் காயம் செய்யும்.

அந்த வாரமே நான் பாவசங்கீர்த்தனத்துக்குச் சென்றேன். "சுவாமி, என் தாயின் கண்ணை நானே கெடுத்துவிட்டேன்" என்று சொல்லி அழுதேன். முழுவதையும் கேட்டபின் குருவானவர், "அது இன்ன மருந்தென்று தெரிந்தே வாங்கினாயா?" என்று வினவினார். "தெரியாது, சுவாமி. ஆனால் தெரிந்துகொண்டிருக்க முடியும்" என்றேன். சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டு, யோவான் எழுதிய நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தை வாசித்துத் தியானிக்கும்படி சொன்னார்.

பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றோர் செய்த பாவமா என்று ஆண்டவரைக் கேட்கிறார்கள். இரண்டுமல்ல என்கிறார் அவர். அதோடு நிற்காமல் தரையில் உமிழ்ந்து, சேறு உண்டாக்கி, அவன் கண்களில் பூசி, குளத்தில் கழுவிவர அனுப்புகிறார். எத்தனையோ முறை கேட்ட பகுதிதான். ஆயினும் அன்று அது எனக்குப் புதிதாயிருந்தது. காரணத்தைக் கேட்பதில் இரண்டு விதம் உண்டு. யார்மேல் குற்றம் சுமத்தலாம் என்று கேட்பது ஒன்று. இவனுக்கு இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்பது மற்றொன்று. சீடர்கள் முதலாவதைக் கேட்டார்கள். ஆண்டவர் இரண்டாவதைச் செய்து காட்டினார். வராந்தாவில் 5-ஆ, 1-ஆ என்று நான் என்னையே வதைத்தது முதல் வகைக் கேள்வி. என் தொழிலில் நான் கற்ற குவெரி இரண்டாம் வகைக் கேள்வி. ஐந்து ஆண்டுகளாக நான் செய்யத் தவறியது அதைத்தான். ஏழாவது முறையோ பத்தாவது முறையோ அட்டையை வாங்கும்போது, "அம்மா, இது என்ன மருந்து? எத்தனை நாளைக்கு? எந்த மருத்துவர் சொன்னார்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்!

அம்மாவுக்கு நான் மன்னிப்புக் கேட்டபோது, "போடி, வலிக்கிறது என்று நான் கேட்டேன், நீ வாங்கித் தந்தாய். அன்புக்குத் தண்டனை கிடையாது, அறியாமைக்குத்தான் பாடம்" என்றார்கள். ஆசிரியையல்லவா!

இனி...

மூட்டுநோய் மருத்துவரிடம் சென்றோம். அவர் முதலில் சொன்னது: "மாத்திரையை இன்றே நிறுத்திவிடாதீர்கள்." பல காலம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்துவந்தால், சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி தன் வேலையை மறந்து உறங்கிவிடுமாம், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆதலால் வேறு மருந்தைத் தொடங்கி, மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். சர்க்கரை வெகுவாக இறங்கியது; முற்றிலும் போய்விடவில்லை. கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். பின்னர் புரையையும் எடுத்தார்கள். வலக்கண் நன்றாகத் தேறியது. இடக்கண்ணின் நடுவில் அந்த மங்கல் இன்றும் இருக்கிறது. சிலுவைப்பாதைப் புத்தகத்தை அம்மா இப்போது பெரிய எழுத்தில் அச்சிட்டு வைத்து வாசிக்கிறார்கள்.

நம் குடும்பங்களுக்கு நான் சொல்ல விரும்புவது சிலவே. வீட்டிலுள்ள ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் ஒருநாள் திருப்பிப் பாருங்கள். மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதி, எந்த மருத்துவர் எப்போது எத்தனை நாளைக்கு எழுதினார் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தத் தாளைக் கொண்டுபோங்கள். பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் போன்ற பெயர்களைக் கண்டால் அஞ்சி எறிந்துவிடாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள். இவற்றை நெடுநாள் உட்கொள்வோர், உணவுக்குப் பின்னும் சர்க்கரையைச் சோதிக்க வேண்டுமா என்று விசாரியுங்கள். மனநோய்க்கான சில மருந்துகளும், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர் உட்கொள்ளும் சில மருந்துகளும் சர்க்கரையை ஏற்றக் கூடியவை. அவை தேவையான மருந்துகள், ஆகவே கண்காணிப்பும் தேவை. வலிக்கென்று விற்கப்படும் பெயர் தெரியாத பொடிகளிலும் உருண்டைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டதுண்டு, அவற்றைத் தொடாதீர்கள். கண் சிவந்தால் பழைய சொட்டு மருந்தைத் தாமாகவே விட்டுக்கொள்வோரும் கவனிக்க. அதிலும் ஸ்டீராய்டு இருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறையாவது கண்மணியை விரித்துச் சோதித்துக்கொள்ளுங்கள். விழித்திரை கெடும்போது வலிக்காது. தொடக்கத்தில் பார்வையும் குறையாது. அது சத்தமில்லாமல் வரும் திருடன். நாமாகத் தேடிப் பிடித்தால்தான் உண்டு.

இந்த வேலையிலிருக்கும் நம் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. திரையில் வரும் எண்களுக்குப் பின்னால் ஒவ்வொருவரும் யாரோ ஒருவருடைய தாய், தந்தை. ஈ 09 என்று எழுதும்போதெல்லாம், பெயர் அறியாத அந்த மனிதருக்காக நான் ஓர் அருள் நிறை மந்திரம் சொல்லிக்கொள்கிறேன். அதற்கு எந்தச் சட்டமும் தடை சொல்வதில்லை.

இப்போது எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா காப்பி கொடுத்த கையோடு, "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? அட்டை இருந்தால் கொடுங்கள்" என்பார்கள். வாங்கியதும் பின்பக்கம் திருப்பி, வலக்கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். படிக்க முடியாவிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் எந்த வேலையிருந்தாலும் போட்டுவிட்டு வந்து படித்துச் சொல்வேன்.